இரைச்சல் இல்லாத கிட்டார்

இரைகிற கிட்டார் என்னுடையது. இரையாத கிட்டார் என் மச்சானுடையது. மச்சான் என்றால் என் ஒரே தங்கையைக் கட்டியவன். முறைப்படி 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே ஐந்து வருஷம் என்னோடு ஒரே பாயில் புரண்டு, ஒரே பீடியைப் பாதிப் பாதியாகக் குடித்தவன். 'அவர்' என்று எழுதினால் வேறு யாரையோ சொல்வதுபோல் இருக்கிறது.

இரண்டு கிட்டாரையும் வருஷக்கணக்கில் மடியில் வைத்து வாசித்தவன் நான். இரண்டில் எது நல்லது என்று சொல்ல எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு. இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன்.

என்னுடையது கல்கத்தாவில் செய்தது. செங்காவி நிறம். கழுத்து உலக்கை மாதிரி தடிமன். உடம்பைவிடத் தலைப்பக்கம் கனம் என்பதால் கையை எடுத்தால் கழுத்து கீழே சாயும். இடது கையால் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். கம்பிகள் கட்டையிலிருந்து உயரத்தில் நிற்கும். ஒரு பாட்டு முழுக்க அழுத்திப் பிடித்தால் விரல் நுனிகளில் பள்ளம் விழுந்து, அடுத்த நாள் சோறு பிசையும்போது எரியும். மேல்கம்பிகளில் தகரச் சத்தம். ஒரு கம்பியைத் தட்டிவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணுவதற்குள் சத்தம் செத்துப்போகும்.

மச்சானுடையது ஜப்பான். கப்பலில் வேலை செய்த ஒரு ஆளிடம் ராயபுரத்தில் வாங்கியது. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப்போகக் கறுப்பு. உடம்பு நல்ல கனம், அரைமணி நேரம் நின்று வாசித்தால் தோளில் வார் பதிந்துவிடும். ஆனால் கழுத்து ஒல்லி. கம்பிகள் கட்டையை ஒட்டிப் படுத்திருக்கும். அழுத்த வேண்டாம், விரலை வைத்தால் போதும். ஒரு கம்பியைத் தட்டிவிட்டுப் பத்து வரைக்கும் எண்ணலாம். அப்போதும் அந்தச் சத்தம் உயிரோடு இருக்கும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் கிட்டாருக்கும் பெருமை உண்டு. அடிக்கம்பி இரண்டும் 'தொம்' என்று இறங்கும், ஜப்பான் கிட்டாரால் அந்த ஆழத்துக்கு வரமுடியாது. சீக்கிரம் செத்துப்போகிற சத்தம் என்பதால் குத்துப் பாட்டுக்கு வெட்டி வெட்டி வாசிக்க என்னுடையதுதான் லாயக்கு. சோகப் பாட்டுக்கு இழுத்து வாசிக்க மச்சானுடையது. ஆகவே எங்கள் குழுவில் நான் தாளத்தோடு போவேன், அவன் பாட்டோடு போவான். இதில் எனக்குப் பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. வயிறு எரிய இருந்தது.

ஆனால் எனக்குப் பொறாமை அதன் சத்தத்தின் மேல் இல்லை. அது சத்தம் போடாமல் இருக்கிற விதத்தின் மேல். வாசிக்காதபோது ஜப்பான் கிட்டார் வாயைத் திறக்காது. ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது. அந்த அமைதிக்குள் அவன் முதல் கம்பியைத் தட்டும்போது, அந்தச் சத்தம் எங்கிருந்தோ புதிதாகப் பிறந்து வருவதுபோல் இருக்கும். என்னுடையது அப்படி இல்லை. சுவிட்சைப் போட்டதிலிருந்து அணைக்கிற வரைக்கும் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருக்கும். நான் வாசிப்பது அந்த இரைச்சலின் மேல்தான் வந்து உட்காரும்.

வாங்கியபோது அது அப்படி இரையவில்லை. அதை இரைய வைத்தவன் நான்தான். ஏன் இரைய வைத்தேன், அதனால் என்ன ஆயிற்று என்பதை ஏழு வருஷம் என் தங்கையிடம் சொல்லாமல் மறைத்தேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் கும்மிடிப்பூண்டி பஜாரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். வீடு ஆரம்பாக்கத்தில். வயல்களில் பம்புசெட் வரத்தொடங்கிய காலம். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வருவார்கள். கருகிய செம்புக்கம்பியை உருவியெடுத்து, புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் காயவைத்துக் கொடுப்பேன். ஊரில் எனக்குக் 'கரண்டு தெரிஞ்சவன்' என்று பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மச்சானுக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பாசஞ்சர் ரயிலில் போய் வருவான். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளிக் குடியிருந்தான். நாங்கள் இருவரும், ஒரு தபேலாக்காரரும், பாங்கோ அடிக்கிறவரும், அக்கார்டியன்காரரும், பாடுகிறவர் ஒருவருமாக ஆறு பேர் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு. அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா, கல்யாணம், எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். ஒருமுறை பொதட்டூர்பேட்டை வரைக்கும் போய் வாசித்துவிட்டு, திரும்பி வர வண்டி கிடைக்காமல் கிட்டாரைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறோம்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர். அதில் கிட்டார் ஒயரைச் சொருக இரண்டு ஓட்டை, ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. அதைச் செய்தவன் நான். ஒரு பழைய ரேடியோவைப் பிரித்து அதன் உள்ளுறுப்புகளைப் பலகைப் பெட்டியில் அடைத்தது. ஒழுங்கான பெட்டியில் ட்ரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்று இருக்கும். சுவரிலிருந்து வரும் கரண்டு அதைத் தாண்டி நேராக நம் கைக்கு வராது. நான் பிரித்த ரேடியோவில் அது கிடையாது. கரண்டின் ஒரு பக்கம் நேராகப் பெட்டிக்குள் இருக்கும் தகட்டில் ஏறும். தகட்டிலிருந்து ஒயர் வழியாகக் கிட்டாருக்கும், கிட்டாருக்குள் ஒரு சின்ன ஒயர் வழியாகக் கம்பிகளுக்கும் போகும். ப்ளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் கம்பி சாது. திருப்பிச் சொருகினால் ஆறு கம்பியிலும் முழுக் கரண்டு.

ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்ற எனக்குத் தெரியாதா? தெரியும். ஊரார் மோட்டாரைச் சுற்றவே நேரம் போதவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். வைண்டிங்காரன் பெட்டிக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லை.

அதற்குப் பதிலாக எங்களுக்கு மூன்று காவல் இருந்தது. முதலாவது, ப்ளக்கின் ஒரு பக்கத்தில் தங்கையின் நகச்சாயத்தால் வைத்த சிவப்புப் பொட்டு. பொட்டு மேலே இருக்கும்படி சொருக வேண்டும். எங்களுக்கு வழக்கமாக வரும் மைக்செட்காரரின் சுவிட்ச் பலகையில் அப்படிச் சொருகினால் சரியாக இருக்கும். இரண்டாவது, ரப்பர் செருப்பு. எந்த மேடையானாலும் செருப்போடுதான் ஏறுவோம். மூன்றாவது, என் கை.

என் கை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு பொருளில் கரண்டு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் விரலின் பின்பக்கத்தால் தொடுவோம். உள்ளங்கைப் பக்கம் தொட்டால், கரண்டு அடித்ததும் விரல்கள் தாமாக மூடிக்கொண்டு அதையே பற்றிக்கொள்ளும். புறங்கையால் தொட்டால் கை தானே உதறிக்கொண்டு விலகும். சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தாலும் புறங்கையால் பார்ப்பவனே வித்தை தெரிந்தவன் என்று எங்களுக்குள் ஒரு வீம்பு. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் நான் மச்சானின் கிட்டாரை ஒயரில் மாட்டி, ஒரு கால் செருப்பைக் கழற்றித் தரையில் ஊன்றி, புறவிரலால் கம்பியைத் தொடுவேன். சுருக்கென்றால் ப்ளக்கைத் திருப்புவேன். ஒன்றும் இல்லையென்றால், "சரியாகீது மச்சான்" என்று கொடுப்பேன். அவன் வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வான். அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிற உப்புக்காற்றில் எங்கள் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். புதுக்கம்பி வாங்க சென்னைக்குப் போக வேண்டும். ஆகவே பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்தால், ஒரு வாரத்துக்குக் குரல் திரும்பும். தங்கையின் அடுப்பில் கம்பி கொதித்துக்கொண்டிருந்தது.

"சோறு வடிக்கற குண்டான்ல இன்னாத்தப் போட்டு காய்ச்சறீங்க ரெண்டு பேரும்?" என்று தங்கை கத்தினாள்.

"ரசம்" என்றான் மச்சான். "உங்க அண்ணனுக்கு ரெண்டு கரண்டி ஊத்து."

"ஊத்தறேன். குட்சிட்டாவது ஒழுங்கா வாசிக்கட்டும்" என்றாள் அவள். அவளுக்கு என் கிட்டார் பிடிக்காது. மச்சானுடையதை வாசித்தால் அடுப்படி வேலையை விட்டுவிட்டு வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு கேட்பாள். நான் ஆரம்பித்தால் பாத்திரம் துலக்கப் போய்விடுவாள்.

கொதித்த கம்பியைத் துடைத்து மாட்டியதும், அன்று நான் ப்ளக்கைக் கவனிக்காமல் சொருகிவிட்டு வெறுங்காலோடு என் கிட்டாரைத் தொட்டேன். தோள்வரைக்கும் அடித்தது. வந்த கோபத்தில் கிட்டாரைத் திருப்பிப்போட்டு, மூடியைக் கழற்றி, கம்பிகளுக்குப் போகும் அந்தச் சின்ன ஒயரை நறுக்கிப் போட்டேன். மறுபடி மாட்டித் தொட்டேன். ஷாக் போய்விட்டது. பொட்டு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஆரம்பித்தது. அந்த ஒயர்தான் அதுவரை இரைச்சலை ஸ்பீக்கருக்கு வரவிடாமல் இழுத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஊட்ல வண்டு பூந்த மாதிரி கீது" என்றாள் தங்கை.

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் கிட்டாரை நீட்டினான். "மச்சான், என்னுதுலயும் அந்த ஒயர எட்து போட்டுடேன். நமக்கு இன்னாத்துக்குப் பேஜாரு?"

நான் அதை வாங்கினேன். மடியில் வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரும் கையில்தான் இருந்தது. அந்தத் தேன் நிறத்தைப் பார்த்தேன். என்னுடையதைப் போல இதுவும் இரைய ஆரம்பித்தால், அந்த அமைதியிலிருந்து பிறக்கிற சத்தத்தை அப்புறம் எங்கே போய்க் கேட்பேன் என்று நினைத்தேன்.

"வோணாம் மச்சான்" என்றேன். "சத்தம் கெட்டுப்பூடும். நான்தான் தெனம் தொட்டுப் பாத்துக் குடுக்கறேனே, உனக்கு இன்னா?"

அவன் சிரித்துவிட்டுக் கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போனது. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு எட்டு மாசம் இருக்கும்போது, ஆடியில், ஆரணியாற்றங்கரையில் இருந்த ஒரு அம்மன் கோயிலில் எங்களைக் கூப்பிட்டார்கள்.

மச்சானுக்கு அன்று காலை ஷிஃப்ட். அவனுடைய கிட்டாரை நான் எடுத்துப் போவதாகவும், வேலை முடிந்து அவன் நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவதாகவும் ஏற்பாடு. உறை எல்லாம் அந்தக் காலத்தில் எங்களுக்கு எது? தங்கை தன் பழைய புடவை ஒன்றில் கிட்டாரைச் சுற்றி, இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். தூறல் இருந்ததால் இறுக்கி முடிந்தாள்.

கோயிலில் மத்தியானம் கூழ் ஊற்றி முடிந்திருந்தது. வாசல் முழுக்கக் கூழும் தண்ணீரும் மிதிபட்டுச் சேறு. மேடை என்று தனியாக இல்லை. அம்மனுக்கு நேர் எதிரே தரையில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். அம்மன் முன்னால் செருப்போடு நிற்க முடியாது என்பது யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை. ஆறு ஜோடிச் செருப்பு போடுமிடத்தில் ஐந்து ஜோடியைக் கழற்றிவிட்டு மச்சானுக்காகக் காத்திருந்தோம்.

மைக்செட்டும் எங்களுக்குப் பழகியவருடையது இல்லை. வேறு ஊர்க்காரர், வேறு பலகை. அந்தப் பலகையில் சிவப்புப் பொட்டு மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்பது எனக்குத் தெரியாது. ஆகவே தொட்டுப் பார்த்தாக வேண்டும். இது எனக்குத் தெரிந்தே இருந்தது. மறக்கவில்லை.

மணி நாலரை இருக்கும். சாமி புறப்படுமுன் இரண்டு பாட்டாவது வாசிக்க வேண்டும் என்று கோயில் ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். என் கிட்டார் தோளில், ஒயரில் மாட்டித் தயாராக இருந்தது. மச்சானுடையது புடவைக்குள், முடிச்சு நனைந்து இறுகிப் போயிருந்தது. ஒரு முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அவிழவில்லை. கரண்டு பெட்டியிலிருந்துதானே வருகிறது, பெட்டி ஒன்றுதானே என்று நினைத்தேன். தோளில் கிடந்த என் கிட்டாரின் கம்பியைப் புறவிரலால் தொட்டேன். வெறுங்கால், ஈரத்தரை. ஒன்றும் இல்லை.

நான் கரண்டு தெரிந்தவன். என் கிட்டாரில் நானே ஒயரை நறுக்கியவன். அதைத் தொட்டால் பொட்டு எப்படி இருந்தாலும் ஒன்றும் தெரியாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த நிமிஷத்தில் அது என் புத்தியில் வரவில்லை.

மச்சான் ஓட்டமும் நடையுமாக வந்தான். "வண்டி லேட்டு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினான். புடவை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான்.

"பாத்துட்டியா?" என்றான்.

"பாத்துட்டேன். சரியாகீது. நீ மாட்டு."

அவன் தோளில் மாட்டிக்கொண்டு, ஒயரைச் சொருகி, இடது கையால் கழுத்தைச் சுற்றிப் பிடித்தான். கிட்டார் வாசிப்பவன் யாரும் புறங்கையால் பிடிப்பதில்லை. நான் குனிந்து என் கிட்டாரின் சுருதிச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் என் கிட்டாரின் இரைச்சலைத் தவிர எந்தச் சத்தமும் வரவில்லை. அவன் கிட்டார் எப்போதும் அப்படித்தானே என்று நான் நிமிரவில்லை. தபேலாக்காரர் கத்திய பிறகுதான் நிமிர்ந்தேன். ப்ளக்கைப் பிடுங்கினேன். அவன் இடது கை கம்பியை விடாமல் மூடியபடியே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். போகும் வழியில் நான் அவன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

தங்கையிடம் நான்தான் சொன்னேன். "கரண்டு அடிச்சிட்ச்சிம்மா" என்றேன். அவள் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் அன்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் சொல்வதற்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். தினமும் வாய்த்தது. எனக்குத் தைரியம் இல்லை.

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தெய்வக்குற்றம் என்றார்கள். விதி என்றார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து அந்த மைக்செட்காரர் பலகையில் ஒயரை மாற்றிக் கொடுத்ததுதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். பலகையில் ஒயர் மாறியிருந்தது உண்மை. அதற்காகத்தானே நான் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது! விசாரித்தவர்களிடம் நானும் பலகையைத்தான் சொன்னேன். அந்த மனிதர் அப்புறம் எந்தத் திருவிழாவுக்கும் செட் கட்டப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்றும் வாயைத் திறக்கவில்லை.

தங்கையையும் குழந்தையையும் எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்தோம். ஜப்பான் கிட்டார் அதே புடவையில் சுற்றிப் பரண்மேல் ஏறியது. என்னுடையதும் பக்கத்தில். குழு கலைந்துபோயிற்று. பழைய பெட்டியை நானே சம்மட்டியால் உடைத்துப் போட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதேபோல ஒரு மாசம் உட்கார்ந்து நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று சுற்றி, எர்த் ஒயரோடு ஒரு புதுப் பெட்டி செய்தேன். செய்து முடித்தபின் அதில் எதையும் மாட்டிப் பார்க்க மனம் வரவில்லை. அதையும் பரணில் ஏற்றினேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத்தொடங்கியபோது, கடையை மூடிவிட்டு ஒன்றில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்தேன். அங்கே முதல் நாள் எங்கள் சூப்பர்வைசர் சொன்ன முதல் விதி இது: எந்த மெஷினை ஆள் தொடப்போகிறானோ அந்த மெஷினிலேயே சோதித்துப் பார், பக்கத்து மெஷினைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதே. கூட நின்றவர்கள் எல்லாம் இது தெரியாதா என்று சிரித்தார்கள். நான் மூத்திரம் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரோரமாக நின்றேன். வெகு நேரம் நின்றேன்.

ஏழு வருஷம் ஆயிற்று. தங்கை மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலிசெய்தோம். புடவை மூட்டையைப் பார்த்துவிட்டு, "இது இன்னா?" என்றாள் பெண். "உங்க நைனாவுது" என்றாள் தங்கை. அவ்வளவுதான், பெண் அதைக் கீழே விடவில்லை. அவிழ்த்தாள், தடவினாள், துருப்பிடித்த கம்பியைத் தட்டினாள். "வாசிச்சிக் காட்டு மாமா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

தங்கை மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, கொயந்த இனிமே இத்த வுடாது. அந்த ஒயர எட்து போட்டுடு."

"எந்த ஒயரு?" என்றேன்.

"உன்னுதுல கட் பண்ணியே, அந்த ஒயரு. அன்னிக்கு நானும் அங்கதான இருந்தேன், ரசம் காச்சினு."

அவள் கிட்டாரைப் பார்த்தபடியே பேசினாள்.

"ராத்திரி சோறு துன்னும்போது அவராண்ட கேட்டேன், உங்களுதுலயும் எட்து போடச் சொல்லக்கூடாதான்னு. 'மச்சான் தெனம் கைய வெச்சிப் பாத்துட்டுதான என்னாண்ட குடுக்கறான், எனக்கு இன்னா பயம்'னாரு."

அப்புறம் கேட்டாள். "அன்னிக்குக் கோயிலாண்ட எத்த தொட்டுப் பாத்த?"

ஏழு வருஷமாக என் நெஞ்சுக்குள் எவ்வளவோ சொல்லி ஒத்திகை பார்த்திருக்கிறேன். தூறல், கோயில் ஆட்களின் அவசரம், நனைந்த முடிச்சு, எல்லாம் அதில் இருக்கும். அவள் கேட்டபோது ஒரே சொல்தான் வந்தது.

"என்னுத" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "தெரியும். அந்த முடிச்சு நான் போட்டது. அவரு வந்துதான் பல்லால கடிச்சி அவுத்தாருன்னு பத்தாம் நாளே தபேலாக்காரரு ஊட்டம்மா சொல்லிட்டா. முடிச்ச அவுக்காம நீ எப்டி அத்தத் தொட்டிருப்ப?"

"இவ்ளோ நாளா ஏம்மா கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னுதான் இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமாய் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாய் இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்தான், அவள் இல்லை.

எலக்ட்ரீசியன் புத்தி போகாமல், நான் சொன்னேன்: "புதுப் பொட்டியில ட்ரான்ஸ்ஃபார்மர் கீதும்மா. எர்த்தும் கீது. இந்த ஒயர எடுக்கவே வோணாம். எல்லாம் சரியாகீது."

"அன்னிக்கும் சரியாகீதுன்னுதான் சொன்ன."

நான் எழுந்துபோய் ஸ்க்ரூ டிரைவரையும் கட்டரையும் எடுத்துவந்தேன். கிட்டாரைத் திருப்பிப்போட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் வாங்கிய நாள்போலவே சுத்தமாக இருந்தது. அந்தச் சின்ன ஒயர் கறுப்பு நிறம், சாண் நீளம்கூட இல்லை. நறுக்குவதற்கு ஒரு வினாடிதான் ஆயிற்று. நறுக்கிய ஒயரைத் தங்கை கையை நீட்டி வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தங்கை மகள் கடையிலிருந்து வந்ததும் பரணிலிருந்து இறக்கிய புதுப் பெட்டியில் கிட்டாரை மாட்டினேன். வெறுங்காலோடு நானே முதலில் தொட்டேன். புறங்கையால் இல்லை. மச்சான் பிடித்த மாதிரியே கழுத்தைச் சுற்றி, உள்ளங்கையால், ஆறு கம்பியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகுதான் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த குமிழைத் திருகிச் சத்தத்தை ஏற்றினேன்.

'ம்ம்ம்' என்று ஆரம்பித்தது. என் கல்கத்தா கிட்டாரின் அதே இரைச்சல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது அவனுடையது, எது என்னுடையது என்று எனக்கே சொல்லத் தெரியாது. வாசிப்பதற்கு முன்னால் இருந்த அந்த அமைதி போய்விட்டது. அதைக் காப்பாற்றத்தான் அன்று 'வோணாம்' என்றேன்.

மகள் முகத்தைச் சுளித்தாள். "இன்னா மாமா இது, இப்டிக் கத்துது?"

அடுப்படியிலிருந்து என் தங்கைதான் சொன்னாள்.

"கத்தட்டும்."